பொறியியல் கல்லூரியில் மாணவர் கிளப், சொசைட்டி கிளை: தொடங்குவதிலிருந்து அடுத்த பேட்ச்சிடம் ஒப்படைப்பது வரை

குமரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் எட்டு வருடமாக மாணவர் அமைப்புகளுக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். இதற்குள் ஆறு கிளப்புகள் பிறந்ததைப் பார்த்தேன். அதில் நான்குக்குப் பதினாறாம் நாள் காரியமும் ஆயிற்று. நான்கும் ஒரே மாதிரிதான் போயின. திறப்பு விழா பிரமாதம், இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் இல்லை, தொடங்கிய பேட்ச் பாஸ் அவுட் ஆனதும் அலமாரிச் சாவியைக்கூடக் காணோம். பிழைத்த இரண்டும் விழாவே இல்லாமல் தொடங்கியவை.

கீழே உள்ள படிகளின் வரிசை அங்கிருந்துதான் வந்தது. முக்கியமாக மூன்றாவது படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். எல்லோரும் குதிக்க நினைப்பது அதைத்தான்.

1. உங்களுக்கு வேண்டியது எது என்று முதலில் பிரியுங்கள்

"சார், ஒரு கிளப் தொடங்கணும்" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் கேட்பது வேறு ஒன்றை. கல்லூரியில் நான்கு வகை அமைப்பு உண்டு. ஒவ்வொன்றுக்கும் அனுமதி தருபவர் வேறு, பணம் வரும் வழி வேறு.

துறை அசோசியேஷன் ஏற்கெனவே இருக்கும், எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) சம்மதித்தால் அதிலேயே நிகழ்ச்சி நடத்தலாம். கோடிங், ரோபோட்டிக்ஸ், போட்டோகிராபி, தமிழ் மன்றம் போன்றவை கிளப். பிரின்சிபால் கையெழுத்துப் போதும், வெளி ஆள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். ஐ ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பு), ஐ.எஸ்.டி.இ. (இந்தியத் தொழில்நுட்பக் கல்விச் சங்கம்), கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியா, இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ், எஸ்.ஏ.இ. இந்தியா (வாகனப் பொறியாளர் அமைப்பு) போன்ற தொழில்முறைச் சொசைட்டிகளின் மாணவர் கிளை மூன்றாவது வகை. இங்கே விதி, கட்டணம், ஆண்டு அறிக்கை எல்லாம் மேலிருந்து வரும்.

நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., ஒய்.ஆர்.சி. (இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம்) நான்காவது. அதை நீங்கள் தொடங்க முடியாது, சேரத்தான் முடியும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், அதோடு 7 நாள் முகாம். இரத்த தானம், மரம் நடுதல், கடற்கரை சுத்தம் என்று யோசனையோடு வருகிறவர்களை நான் நேராக அங்கே அனுப்பிவிடுவேன். அதற்கென்று தனி கிளப் எதற்கு?

கிளப்பா கிளையா என்று சந்தேகம் இருந்தால் கிளப்பாகத் தொடங்குங்கள். நன்றாக ஓடும் கிளப்பை ஒரு வருடம் கழித்துக் கிளையாக்கலாம். கிளையாகத் தொடங்கி ஆள் குறைந்தால் பதிவும் கைவிட்டுப் போகும், மறுபடி கேட்கப் போகும்போது முகமும் இருக்காது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் சொசைட்டியைச் சுருக்கி "சி.எஸ்.ஐ. மீட்டிங், மதியம் 1 மணி" என்று ஒரு தடவை நோட்டீஸ் போர்டில் போட்டார்கள். நம்ம ஊரில் சி.எஸ்.ஐ. என்றால் சபை. கம்ப்யூட்டர் துறைப் பிள்ளைகளோடு, ஜெபக்கூட்டம் என்று நினைத்து பைபிளோடு நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். முழுப்பெயர் எழுதுங்கள்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அ) இரண்டாம் ஆண்டு மாணவர்கள் குறைந்தது மூன்று பேர். இறுதியாண்டு மாணவர்கள் தொடங்கும் கிளப்புக்கு ஆயுள் எட்டு மாதம். ஆகஸ்டில் பிளேஸ்மென்ட் என்று ஓடத் தொடங்குவார்கள், ஜனவரியில் புராஜெக்ட். அவர்களின் ஆலோசனையை வாங்குங்கள், பொறுப்பைக் கொடுக்காதீர்கள்.

ஆ) ஓர் ஆசிரியர். கிளப் என்றால் ஆர்வம் உள்ள யாரும் சரி. சொசைட்டி கிளை என்றால் அவர் அந்தச் சொசைட்டியில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஐ ட்ரிபிள் ஈ கிளைக்குக் கவுன்சிலர் (கிளைக்கு வழிகாட்டும் ஆசிரியர்) கட்டாயம். அவர் மாணவர் அல்லாத உறுப்பினராக இருக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்து முடித்த பிறகுதான் சாரின் உறுப்பினர் காலம் போன டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்று தெரியவரும். இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், "சார், உங்க மெம்பர் நம்பர் ஃபார்ம்ல போடணும்" என்று சொல்லுங்கள். அவரே போய்ப் பார்ப்பார்.

இ) வாரத்தில் ஒரு மணி நேரம். இது சின்ன விஷயமாகத் தெரியும். இந்த மாவட்டத்தில் கிளப்புகள் சாகும் முதல் காரணம் இதுதான்.

நம் கல்லூரிகளில் பாதிக்கு மேல் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். ஒருத்தி குளச்சல், ஒருவன் குலசேகரம், இன்னொருவன் களியக்காவிளை. காலேஜ் பஸ் 4.20-க்குக் கிளம்பினால் 4.15-க்கே எல்லாரும் பையைத் தோளில் மாட்டிவிடுவார்கள். அதை விட்டால் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கே பஸ் மாறி, இருட்டிய பிறகு வீடு. பெண் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கே வீட்டிலிருந்து போன் வரத் தொடங்கும். "கல்லூரி முடிந்ததும் கூடுவோம்" என்று அறிவித்தால் அது விடுதி மாணவர்களின் கிளப்பாக மட்டும் மாறிவிடும். அப்படி மாறிய ஒரு ரோபோட்டிக்ஸ் கிளப்பில் இரண்டு வருடம் ஒரு பெண்கூட இல்லை.

ஆகவே மதிய இடைவேளையில் 40 நிமிடம் பாருங்கள், அல்லது டைம்டேபிளில் அசோசியேஷன் ஹவர் இருந்தால் மாதத்தில் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். எச்.ஓ.டி.யிடம் முதலில் கேட்க வேண்டியது பணம் அல்ல, இந்த நேரம்.

ஈ) பூட்டும் சாவியும் உள்ள ஓர் அலமாரி, கிளப் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி. மின்னஞ்சலை யாருடைய சொந்தப் பெயரிலும் திறக்காதீர்கள். இந்த மின்னஞ்சல் கடைசிப் படியில் மறுபடி வரும்.

3. பெயர் வைக்கும் முன் மூன்று கூட்டம் நடத்திப் பாருங்கள்

அனுமதி, லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம் எதுவும் இல்லாமல் மூன்று கூட்டம். ஆசிரியரிடம் வாய்மொழியாகச் சொன்னால் போதும், ஒரு லேபைத் திறந்து தருவார். முதல் கூட்டத்துக்கு 30 பேர் வருவார்கள். மூன்றாவதுக்கு யார் வருகிறார்களோ அவர்கள்தான் உங்கள் கிளப். அந்த எண்ணிக்கை எட்டுக்குக் கீழே போனால் தலைப்பை மாற்றுங்கள்.

எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் கிளப்பின் முதல் கூட்டம் எரியாத எல்.இ.டி. பல்புகளை வைத்து நடந்தது. விடுதியிலும் வீட்டிலும் தூக்கிப் போட வைத்திருந்த 22 பல்புகளை ஒரு சாக்கில் கொண்டுவந்தார்கள். மூடியைக் கழற்றினால் வட்டத் தகட்டில் எல்.இ.டி.கள் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் அதில் ஒன்றில் மட்டும் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி. சீரிஸ் இணைப்பு என்பதால் அந்த ஒன்று போனால் மொத்த வரிசையும் அணைந்துவிடும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்டுபிடித்தார்கள். மெக்கானிக்கலிலிருந்து சும்மா எட்டிப் பார்க்க வந்த ஒரு பையன், "மக்கா, இந்த ஒரு புள்ளிக்கா முழு பல்பையும் தூக்கிப் போட்டோம்?" என்றான். அடுத்த கூட்டத்துக்கு அவன்தான் முதலில் வந்தான்.

40 நிமிடத்தில் 13 பல்பு எரிந்தது. கெட்டதை ஷார்ட் செய்து ஓட்டினால் மற்ற எல்.இ.டி.களுக்குச் சுமை கூடும், பல்பு நெடுநாள் தாங்காது, பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும் என்பதையெல்லாம் அங்கேயே பேசினோம். மின்சாரத்தைத் தொடும் எந்தக் கூட்டத்திலும் லேப் ஆசிரியர் ஒருவர் அறைக்குள் இருக்க வேண்டும். அதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

இந்தக் கூட்டத்துக்கு மொத்தச் செலவு டீயும் ரசவடையும்தான். சிறப்பு விருந்தினர் வந்திருந்தால் இது நடந்திருக்காது.

புதியவர்கள் இந்த இடத்தில் செய்யும் தவறு, முதல் கூட்டத்தையே "கிளப்பின் நோக்கம்" பற்றிய கூட்டமாக நடத்துவது. நோக்கத்தைப் பேசினால் கைதட்டுவார்கள். கையில் வேலை கொடுத்தால் அடுத்த வாரமும் வருவார்கள்.

4. அனுமதிக் கடிதம்

இப்போது கடிதம். ஒரே பக்கம். பிரின்சிபாலுக்கு எழுதி, ஒருங்கிணைக்கும் ஆசிரியர், எச்.ஓ.டி. என்ற வழியாகப் போக வேண்டும். நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போய் நிற்பது தைரியம் போலத் தோன்றும், அவர் கேட்கும் முதல் கேள்வி "எச்.ஓ.டி.க்குத் தெரியுமா?" என்பதுதான். அப்புறம் எச்.ஓ.டி. மனதில் ஏற்படும் சுணக்கத்தைச் சரிசெய்ய ஒரு செமஸ்டர் ஆகும்.

கடிதத்தில் இருக்க வேண்டியது: நடந்த மூன்று கூட்டங்களின் தேதி, வந்தவர் எண்ணிக்கை, பொறுப்பாசிரியர் பெயர், வேண்டும் நேரம், வேண்டும் இடம், இந்த செமஸ்டருக்கு மூன்றே மூன்று திட்டம். பணம் கேட்கிறீர்கள் என்றால் தொகையைச் சொல்லி எதற்கென்று பிரித்து எழுதுங்கள். "தகுந்த நிதி உதவி" என்று எழுதினால் கடிதம் கோப்பிலேயே தூங்கும்.

எச்.ஓ.டி. ஏன் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் யோசித்துவிட்டுப் போங்கள். என்.பி.ஏ. (தேசியத் தரச்சான்று வாரியம்) தரச்சான்றுக்கான 2015 வடிவ சுயமதிப்பீட்டு அறிக்கையில், மாணவர்களின் தொழில்முறைச் செயல்பாடுகளுக்கு 4.6 என்று தனிப் பிரிவு இருந்தது. மொத்தம் 20 மதிப்பெண். சொசைட்டி கிளைகளும் நிகழ்ச்சிகளும் அதில்தான் வரும். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழுவும் மாணவர் பங்கேற்பைப் பார்க்கிறது. உங்கள் கிளப் அவர் நிரப்ப வேண்டிய ஒரு கட்டத்தை நிரப்புகிறது. கடிதத்தின் கடைசி வரியில் அதைக் குறிப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. சொசைட்டி கிளை என்றால்: உறுப்பினர் சேர்க்கையும் மனுவும்

கிளப் மட்டும் தொடங்குகிறவர்கள் ஆறாவது படிக்குப் போகலாம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஐ ட்ரிபிள் ஈ-யை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நம் கல்லூரிகளில் அதிகம் கேட்கப்படுவதும் அதுதான். தமிழ்நாடும் புதுச்சேரியும் அதன் வட்டாரப் பிரிவுகளில் ஒன்றான மெட்ராஸ் செக்‌ஷனில் வரும். திருவனந்தபுரம் எவ்வளவு பக்கம் என்றாலும் கேரளா செக்‌ஷனில் போய்ச் சேர முடியாது.

எத்தனை பேர்? கிளை கேட்கும் மனுவில் குறைந்தது 12 மாணவர் உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். நீங்கள் 20 பேரைச் சேருங்கள். 12 பேரை மட்டும் வைத்துக்கொண்டு போனால், ஒருவரின் கட்டணம் போய்ச் சேராமல், இன்னொருவரின் விவரம் பொருந்தாமல், 10-ல் வந்து நிற்பீர்கள். அந்த 20-ல் இறுதியாண்டு மாணவர்களை எண்ணவே எண்ணாதீர்கள். கிளை வந்த பிறகு, அதற்குள் கம்ப்யூட்டர், பவர் போன்ற தனிச் சொசைட்டிக் கிளை வேண்டுமென்றால் அந்தச் சொசைட்டியின் மாணவர் உறுப்பினர் 6 பேர் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள்.

எப்போது சேர்ப்பது? இதில்தான் பணம் இருக்கிறது. அவர்கள் உறுப்பினர் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை புதிதாகச் சேர்ந்தால் அரை ஆண்டுக் கட்டணம், அந்த டிசம்பரோடு முடிந்துவிடும். ஆகஸ்ட் 16-க்குப் பிறகு முழுக் கட்டணம் கட்டிச் சேர்ந்தால் அடுத்த ஆண்டு டிசம்பர் 31 வரை செல்லும். ஜூலையில் அவசரப்பட்டுச் சேர்த்த பேட்ச், ஐந்தே மாதத்தில் "மறுபடியும் காசா சார்?" என்று கேட்டது. அதில் பாதி உதிர்ந்தது. முதலாண்டு மாணவர்கள் கவுன்சலிங் முடிந்து வகுப்புக்கு வந்து ஊரும் பஸ்ஸும் பழகுவதற்கே செப்டம்பர் ஆகிவிடும். ஆகவே செப்டம்பர் இரண்டாவது வாரம்தான் சரியான நேரம்.

பெயர் எப்படி எழுதுவது? சிரிக்காதீர்கள், எங்கள் முதல் மனு திரும்பி வந்தது இதனால்தான். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கிறது, கடைசிப் பெயரைக் காலியாக விட முடியாது. ஒருவன் இனிஷியலை மட்டும் போட்டான். ஒருத்தி அப்பா பெயரை முழுதாக எழுதினாள். இன்னொருவன் கடைசிப் பெயர் என்ற இடத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டான். மனுத் தாளில் எல்லாரும் எழுதியது பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி. இரண்டும் பொருந்தவில்லை. இப்போது சேர்க்கைக்கு முன்பே ஒரு விதி வைத்திருக்கிறோம்: சொந்தப் பெயர் முதலில், இனிஷியலின் விரிவு கடைசியில், ஆதாரில் உள்ள அதே எழுத்துக்கூட்டு. எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து நிரப்ப வேண்டும். வீட்டிலிருந்து நிரப்பச் சொன்னால் மறுபடியும் ஊர்ப் பெயர் வரும்.

கல்லூரிப் பெயர். படிவத்தில் கல்லூரியைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் உண்டு. ஒரே கல்லூரியே இரண்டு எழுத்துக்கூட்டில் இருப்பதும் உண்டு. தவறானதைத் தேர்ந்தெடுத்தவர் உங்கள் கிளைக் கணக்கில் வரவே மாட்டார். முதலில் ஒரே ஒருவர் சேர்ந்து, எந்த வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடட்டும். மற்றவர்கள் அதற்குப் பிறகு.

கட்டணம். மாணவர்களின் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும். ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி அதை நாமே திறக்க வேண்டும். வங்கி ஆப்பில் ஒரு நாள் முன்பே திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடச் சொல்லுங்கள். வரியும் சேர்ந்து இறுதித் தொகை என்ன வருகிறது என்று முதலில் சேர்ந்தவரிடம் கேட்டுத்தான் மற்றவர்களுக்குத் தொகையைச் சொல்ல வேண்டும். குறைவாகச் சொல்லிவிட்டுப் பிறகு கூடுதலாகக் கேட்டால் வீட்டில் சந்தேகப்படுவார்கள்.

இதெல்லாம் முடிந்து உறுப்பினர் எண்கள் கைக்கு வந்த பிறகே மனு. கையெழுத்து, உறுப்பினர் எண், கவுன்சிலர் விவரம் சரிபார்த்து அனுப்பினால் செக்‌ஷன், ரீஜியன் என்று மேலே போகும். வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை கிளை என்ற பெயரையோ சின்னத்தையோ போஸ்டரில் போடாதீர்கள், கிளப்பாகவே நடத்துங்கள்.

ஐ.எஸ்.டி.இ., இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் போன்ற இந்திய அமைப்புகளில் ரூபாய்க் கட்டணம், கல்லூரி வழியாக மொத்தமாகக் கட்டலாம் என்பதால் தலைவலி குறைவு. நான்கு சொசைட்டி கிளைகளை ஒரே கல்லூரியில் பெருமைக்காக வைத்துக்கொள்வதைவிட, உயிரோடு இருக்கும் ஒன்று மேல்.

6. பொறுப்பாளர்கள்

சேர் (தலைவர்), செக்ரட்டரி, ட்ரஷரர். மூன்று போதும். பதினொரு பேர் கொண்ட ஆபீஸ் பேரர் பட்டியலைப் பார்த்திருக்கிறேன். அதில் எட்டுப் பேருக்கு வேலை மேடையில் நிற்பது.

ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு இளையவரைத் துணையாகப் போடுங்கள். மூன்றாம் ஆண்டு செக்ரட்டரி என்றால் இரண்டாம் ஆண்டு துணைச் செக்ரட்டரி, எல்லா மின்னஞ்சலும் அவருக்கும் நகல் போக வேண்டும். சேரும் ட்ரஷரரும் ஒரே வகுப்பு நண்பர்களாக இருக்கக் கூடாது. சண்டை வந்தாலும் ஆபத்து, ஒற்றுமையாக இருந்தாலும் ஆபத்து.

7. பணம்

கிளப்புக்குத் தனியாக வங்கிக் கணக்கு திறப்பது நடைமுறையில் கடினம். கல்லூரிக் கணக்கிலேயே கிளப்புக்கென்று தனித் தலைப்பு கேட்டு வாங்குவது எளிது. எடுக்கும்போது கொஞ்சம் நடக்க வேண்டும். ஆனால் கணக்கு நேராக இருக்கும்.

மாணவரின் ஜிபே எண்ணில் வசூலிக்காதீர்கள். ஒரு வருடம் ட்ரஷரரின் சொந்தக் கணக்கில் 62 பேரின் பணம் வந்தது. மூன்றாம் நாள், அவன் போன் வாங்கியதற்கான இ.எம்.ஐ. அதே கணக்கிலிருந்து தானாகப் போய்விட்டது. அவன் எடுக்கவில்லை, வங்கி எடுத்தது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவனை எல்லாரும் பார்த்த பார்வை இருக்கிறதே! அவன் அப்பா வந்து பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். அவன் மறுபடி கிளப் பக்கம் வரவில்லை.

செலவில் முதலில் வெட்ட வேண்டியது ஃபிளெக்ஸ், இரண்டாவது பொன்னாடை, மூன்றாவது மொமெண்டோ. வெட்டக் கூடாதது விருந்தினரின் பயணச் செலவு. திருவனந்தபுரத்திலிருந்து வருகிறவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார்; உறையில் போட்டுக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

8. தேதி குறிப்பது

குமரி மாவட்டத்தில் தேதி குறிப்பது தனிக் கலை. கல்லூரி நாட்காட்டியை மட்டும் பார்த்துக் குறித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

இங்கே உள்ளூர் விடுமுறை அதிகம். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம், ஆங்கிலத் தேதியில் மார்ச் தொடக்கம். அதே மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம். ஆவணியில் ஓணம். மாசியில் மூன்று நாள் கருத்தரங்கு வைத்த ஒரு குழுவுக்கு, நடு நாளில் ஊரே காலியாக இருந்தது.

விடுமுறை நாளைத் தவிர்ப்பது மட்டும் போதாது. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக அறிவிப்பார்கள். "சனிக்கிழமை காலேஜ் லீவு, ஹால் ஃப்ரீ" என்று நீங்கள் வெளிக் கல்லூரி மாணவர்களை வரச் சொல்லியிருப்பீர்கள். அன்று ஹாலில் வகுப்பு நடக்கும்.

மழை இரண்டு பக்கமும் வரும். ஜூனில் தென்மேற்கு, அக்டோபர் முதல் வடகிழக்கு. அக்டோபர், நவம்பரில் காலை ஆறரைக்கு ஆட்சியரின் அறிவிப்பு வரும், அன்றைய நிகழ்ச்சி அத்தோடு போச்சு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மின்சாரமே பல நாள் இல்லை. பெரிய நிகழ்ச்சிகளை ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் வரையிலும், பிறகு ஜனவரி பொங்கல் முடிந்து பிப்ரவரி நடு வரையிலும் வையுங்கள். இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எதையும் வைக்காதீர்கள். அந்த வாரம் எந்த ஆசிரியரும் ஓ.டி. (நிகழ்ச்சிக்குப் போனவருக்கு வகுப்பு வருகைப் பதிவு) தர மாட்டார், தரவும் கூடாது.

9. முதல் பெரிய நிகழ்ச்சி

அனுமதி வந்தது, ஆளும் இருக்கிறார்கள். இப்போது ஊரைச் சுற்றிப் பாருங்கள். முப்பந்தலில் காற்றாலைகள், எல்லைக்கு அப்பால் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், கூடங்குளம் அணுமின் நிலையம், மணவாளக்குறிச்சியில் அரியமண் ஆலை, கழக்கூட்டத்தில் டெக்னோபார்க். சென்னைக் கல்லூரிகள் இரவு ரயிலேறி வந்து பார்க்கும் இடங்கள் நமக்கு ஒரு பஸ் தூரம். இதை விட்டுவிட்டு "எமர்ஜிங் டிரெண்ட்ஸ்" என்று பவர்பாயின்ட் கூட்டம் நடத்துகிறவர்களை என்ன சொல்வது?

அரசு நிறுவன விஞ்ஞானியை அழைக்கும்போது, அவர் உங்கள் சீனியரின் சித்தப்பாவாகவே இருந்தாலும், கல்லூரி முதல்வரின் கடிதம் அவர் அலுவலகத்துக்குப் போய் அனுமதி வர வேண்டும். ஆறு வாரம் முன்பே அனுப்புங்கள். உள்ளே போய்ப் பார்ப்பது என்றால் மாணவர் பட்டியல், ஆதார் விவரம் முன்கூட்டியே கேட்பார்கள். கடைசி நேரத்தில் ஆள் மாற்ற முடியாது.

சிவில் மாணவர்களுக்கு இவ்வளவு சிரமமும் வேண்டாம். 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில் தண்ணீரைக் கொண்டுபோகிறது. 2024 டிசம்பர் 30-ல் திறந்த கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மார்த்தாண்டத்தில் இரும்பு மேம்பாலம். மூன்றும் மூன்று விதமான கட்டுமானம், ஒரு நாளில் பார்த்து முடிக்கலாம். போகுமுன் ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி கொடுத்து அனுப்புங்கள். திரும்பும்போது பதிலோடு வர வேண்டும். இல்லையென்றால் செல்ஃபி மட்டும்தான் திரும்பும்.

கோடிங் பக்கம் இருப்பவர்களுக்கு மத்திய அரசு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டி நல்ல முதல் இலக்கு. 6 பேர் குழு, அதில் ஒரு பெண்ணாவது கட்டாயம். கல்லூரிக்குள் முதல் சுற்றை நடத்தும் வேலையை உங்கள் கிளப் கேட்டு வாங்கலாம். ஐந்து பையன்கள் சேர்ந்துவிட்டுக் கடைசி நாளில் பெயருக்கு ஒரு பெண்ணைத் தேடுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. முதலிலேயே சேருங்கள், அவள்தான் பெரும்பாலும் வேலையை முடிப்பாள்.

10. அன்றைய இரவே எழுத வேண்டியவை

ஒரு பக்க அறிக்கை, கையெழுத்திட்ட வருகைப் பட்டியல், இரண்டு போட்டோ. போட்டோவில் இடமும் தேதியும் பதியும்படி ஜியோடேக் போட்டு எடுங்கள். நாக் கோப்புக்கு அது இல்லாமல் ஏற்க மாட்டார்கள். விருந்தினரோடு எல்லாரும் வரிசையாக நிற்கும் படம் ஒன்று போதும். இன்னொன்றில் மாணவர்கள் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

ஓ.டி. பட்டியலை நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே கொடுத்துவிட்டு, மறுநாள் உண்மையில் வந்தவர்களை மட்டும் வைத்துத் திருத்திக் கொடுங்கள். வராதவன் பெயரை ஒரு தடவை நட்புக்காக விட்டுவைத்தால், அடுத்த தடவை உங்கள் பட்டியலை எந்த ஆசிரியரும் நம்ப மாட்டார். இந்த ஒன்றினால் மட்டுமே ஒரு நல்ல கிளப்புக்கு ஒரு செமஸ்டர் முழுக்க ஓ.டி. நின்றுபோனது எனக்குத் தெரியும்.

11. கைமாற்றம்

மே மாதம் செய்கிற வேலை அல்ல இது. ஜனவரியில் தொடங்க வேண்டும். ஜனவரி முதல் துணைப் பொறுப்பாளர்கள் நடத்தட்டும், மூத்தவர்கள் பின்வரிசையில் உட்காரட்டும். தப்பு நடந்தால் அன்றே கேட்டுத் திருத்த ஆள் பக்கத்தில் இருப்பார்கள். தேர்வு முடிந்து ஊருக்குப் போன பிறகு போன் போட்டால் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும், "அதெல்லாம் ஞாபகம் இல்லடே" என்பார்கள்.

கொடுக்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். கையால் எழுதியதாக இருந்தால் நல்லது. யாரை எதற்குப் பார்க்க வேண்டும், ஹால் சாவி யாரிடம், மைக் செட்டுக்காரர் எவ்வளவு வாங்குவார், எந்த மாதம் எந்த அறிக்கை அனுப்ப வேண்டும். கடைசிப் பக்கங்களில் அந்த வருடம் செய்த தவறுகள். எங்கள் நோட்டில் முதல் வரி: "ஜூலையில் மெம்பர்ஷிப் போடாதே."

பிறகு அலமாரியைத் திறந்து, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாக எண்ணிக் கொடுங்கள். சால்டரிங் அயர்ன் ஐந்து என்று எழுதியிருந்தால் ஐந்தையும் மேசையில் பார்க்க வேண்டும். சாவி இரண்டு: ஒன்று செக்ரட்டரியிடம், ஒன்று ஆசிரியரிடம்.

கடைசியாக மின்னஞ்சல். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு வருடம் புதுச் செக்ரட்டரி புதுப் போனில் திறக்கப் போனபோது, ஓ.டி.பி. பழைய சேரின் எண்ணுக்குப் போனது. அவன் துபாய் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது, நாட்டு சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டான். மூன்று வருடக் கடிதங்களும் உறுப்பினர் பட்டியலும் அதற்குள்ளேயே கிடந்தன. ஆகவே பழைய சேரும் புதிய சேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மீட்பு எண்ணைப் பொறுப்பாசிரியரின் எண்ணாக மாற்றி, ஒரு தடவை வெளியேறி, புதியவரின் போனில் திரும்ப நுழைந்து பார்த்த பிறகே எழுந்திருக்க வேண்டும்.